டயரில் எழுதியிருக்கும் எண்ணும் டயரின் உண்மை அளவும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பதிவு செய்யப்பட்ட கார்கள் அனைத்தும், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முதலாம் தேதி தொடக்கம் மார்ச் 15ஆம் தேதி வரை குளிர்கால டயர்களுடன் மட்டுமே சாலையில் ஓட வேண்டும் என்பது சட்டம். இதன் விளைவாக, மாகாணத்தின் மிகப்பெரிய நகரமான மொன்றியலில், டயர் மாற்றுவது என்பது பழுது ஏற்பட்டால் மட்டும் செய்யும் வேலையாக இல்லாமல், இலையுதிர் காலத்தில் ஒரு தடவையும் வசந்த காலத்தில் ஒரு தடவையும் நடைபெறும் வழக்கமான வேலையாகியிருக்கிறது.

இலங்கை, இந்தியா போன்ற வெப்ப நாடுகளில் இருந்து இந்நகரில் குடியேறியவர்கள், அதுவரை கவனித்தே இராத ஓர் எண் வரிசையை முதன் முதலாக உற்று நோக்க வேண்டிய கட்டாயம் இந்தக் காலத்தில்தான் ஏற்படுகிறது. டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும் 205/55 ஆர் 16 போன்ற அந்த வரிசை, டயரின் அளவைச் சொல்வதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், அது பெருமளவுக்கு டயரின் பெயர்தானே தவிர, அளவுகோல் வைத்து அளந்து எழுதிய அளவு அல்ல. அந்தப் பெயருக்கும் உண்மை அளவுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது, அந்த இடைவெளி எந்த இடத்தில் பொறுக்கத்தக்கது, எந்த இடத்தில் ஆபத்தானது என்பதை அறிந்துகொள்வது பணத்தோடும் உயிர்ப் பாதுகாப்போடும் தொடர்புடைய விடயம்.

சட்டம் சொல்வது என்ன?

கியூபெக் சட்டமன்றம் குளிர்கால டயர்களைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2007ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேற்றியது. 2008ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அது நடைமுறைக்கு வந்தது. கனடாவில், மாகாணம் முழுவதிலும் பயணிகள் கார்களுக்கு இவ்வாறான கட்டாயத்தைக் கொண்டுவந்த மாகாணம் கியூபெக்தான். மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவில், குறிப்பிட்ட சில நெடுஞ்சாலைகளுக்கு மாத்திரமே இத்தகைய விதி உண்டு.

தொடக்கத்தில் டிசம்பர் 15ஆம் தேதியில் இருந்தே கட்டாயம் என்றிருந்தது. 2019ஆம் ஆண்டு முதல் அது டிசம்பர் முதலாம் தேதிக்கு முன்னகர்த்தப்பட்டது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதியிலிருந்து, மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரையப்பட்ட சின்னம் பக்கச்சுவரில் உள்ள டயர்களும், ஆணி பதித்த டயர்களும் மட்டுமே குளிர்கால டயர்களாக ஏற்கப்படுகின்றன. சேற்றையும் பனியையும் குறிக்கும் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. விதியை மீறுவோருக்கு 200 முதல் 300 டாலர்கள் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிப் பிடிமானத்தை இழக்கிறது என்பதே இந்தச் சட்டத்தின் அடிப்படை. மொன்றியலில் தமிழர்களும் வசித்துவரும் கோட் டெ நேஜ் பகுதியின் பிரெஞ்சுப் பெயருக்கே பனிச் சரிவு என்றுதான் பொருள். அத்தகைய சரிவான தெருக்களில், பிரேக்கை அழுத்திய பின்னர் கார் எவ்வளவு தூரம் வழுக்கிச் செல்லும் என்பதை டயரே தீர்மானிக்கிறது.

ஆனால் சட்டம் டயரின் வகையைத்தான் வரையறுக்கிறதே அன்றி, எந்த அளவு டயரை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. அந்த முடிவு வாகன உரிமையாளரிடம் விடப்பட்டிருக்கிறது. பலர் குளிர்கால டயர்களுக்கென்று தனியாக நான்கு இரும்பு ரிம்களையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவ்வாறு வாங்கும்போது காரில் ஏற்கனவே இருப்பதிலிருந்து வேறுபட்ட அளவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. அளவு குறித்த குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

எண்களின் பொருள்

நடுத்தரக் கார்கள் பலவற்றில் காணப்படும் 205/55 ஆர் 16 91 எச் என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம். இதில் 205 என்பது டயரின் குறுக்கு அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பதைக் குறிக்கிறது. ஆர் என்ற எழுத்து, டயருக்குள் இருக்கும் இழைகள் ஆரைபோல் குறுக்காக அமைந்த ரேடியல் வகை என்பதைச் சொல்கிறது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது சுமைக்கான குறியீட்டு எண்; அது ஒரு டயர் 615 கிலோகிராம் வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. எச் என்பது வேகத்துக்கான குறியீடு. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை என்பது அதன் பொருள்.

ஒரே வரிசையில் மில்லிமீட்டரும், சதவீதமும், அங்குலமும் கலந்து கிடப்பதற்கு வரலாறே காரணம். மோட்டார் வாகனங்களின் ஆரம்ப காலத்தில், டயரின் வெளி விட்டமும் பருமனும்தான் அதன் பெயராக இருந்தன. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி காரில் பயன்பட்ட 30×3½ டயரின் வெளி விட்டம் 30 அங்குலம், பருமன் மூன்றரை அங்குலம். இரு பக்கப் பருமனையும் கழித்தால் 23 அங்குல ரிம் என்பது கிடைத்துவிடும். 1920களில், காற்றழுத்தம் குறைந்த, பருமன் கூடிய பலூன் டயர்கள் வந்தபோது, டயரின் பருமனையும் ரிம்மின் விட்டத்தையும் குறிப்பிடும் முறை பரவியது. பிற்காலத்தில் ரேடியல் டயர்களுடன் மில்லிமீட்டரும் சதவீதமும் வந்து சேர்ந்தன. ஆயினும் ரிம் மட்டும் அங்குலத்திலேயே நின்றுவிட்டது.

1970களின் நடுப்பகுதியில், பிரான்சின் மிஷலின் நிறுவனம் டிஆர்எக்ஸ் என்ற பெயரில், ரிம்மின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும் டயர்களை அறிமுகப்படுத்தியது. 390 மில்லிமீட்டர் ரிம்முக்கான டயர், அங்குல அளவு ரிம் எதிலும் பொருந்தவில்லை. இதனால் அந்தக் கார்களின் உரிமையாளர்கள் மாற்று டயர் தேடி அலைய நேரிட்டது. அந்த முயற்சி நிலைக்கவில்லை.

ஏட்டுக் கணக்கும் உண்மை அளவும்

குறியீட்டைக் கொண்டு டயரின் வெளி விட்டத்தைக் கணக்கிடுவது எளிது. 205இல் 55 சதவீதம் என்றால் 112.75 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்கள் என்பதால் 225.5 மில்லிமீட்டர். 16 அங்குல ரிம் என்பது 406.4 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் 631.9, அதாவது ஏறத்தாழ 632 மில்லிமீட்டர்.

இது ஏட்டுக் கணக்கு. கடையில் இருக்கும் டயரில் இந்த எண்கள் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதலாவதாக அகலம். 205 என்று பெயர் கொண்ட இந்த டயரை, அதற்கென்று தர நிர்ணயம் செய்யப்பட்ட ஆறரை அங்குல அகல ரிம்மில் மாட்டிக் காற்று நிரப்பினால், வடிவமைப்பின்படி அதன் அகலம் 214 மில்லிமீட்டர். இதைப்போல, 195/65 ஆர் 15 டயரை ஆறு அங்குல ரிம்மில் மாட்டினால் வடிவமைப்பு அகலம் 201 மில்லிமீட்டர். டயரின் அகலம் ரிம்மின் அகலத்தைச் சார்ந்தது என்பதே இதற்குக் காரணம். ரிம்மின் அகலம் கூடினால் பக்கச்சுவர்கள் விலகி டயரும் அகலும். ரிம் குறுகினால் டயரும் குறுகும். ரிம்மின் அகலத்தில் ஏற்படும் மாற்றத்தில் ஐந்தில் இரண்டு பங்கு டயரின் அகலத்தில் வெளிப்படும் என்பது பொறியியலாளர்களின் கணக்கு. அதன்படி, இதே 205 டயரை ஐந்தரை அங்குல ரிம்மில் மாட்டினால் அது சுமார் 10 மில்லிமீட்டர் குறுகிவிடும். டயரில் எழுதியிருக்கும் எண் மட்டும் மாறாது.

மேலும், இங்கே சொல்லப்படும் அகலம் பக்கச்சுவர்களின் புடைப்புக்கு இடையிலான தூரம். சாலையில் படும் பரப்பின் அகலம் இதைவிடக் குறைவு; அது ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடும். எனவேதான் ஒரே குறியீடு உள்ள இரண்டு டயர்களை அருகருகே நிறுத்தினால், ஒன்று ஒடுங்கியும் மற்றொன்று அகன்றும் தெரிவதுண்டு.

இரண்டாவதாக விட்டம். உலகின் பல நாடுகள் பின்பற்றும், ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 30ஆம் இலக்க ஒழுங்குவிதி, தயாரிப்பாளர்களுக்குக் குறிப்பிட்ட அளவு நெகிழ்வை அனுமதிக்கிறது. ரேடியல் டயர்களைப் பொறுத்தவரை, பக்கச்சுவர் உயரம் வடிவமைப்பு அளவைவிட 3 சதவீதம் குறைவாகவோ 4 சதவீதம் கூடுதலாகவோ இருக்கலாம். இதன்படி 205/55 ஆர் 16 என்று பொறிக்கப்பட்ட ஒரு டயரின் விட்டம் 625 மில்லிமீட்டராகவும், அதே குறியீடு உள்ள இன்னொரு டயரின் விட்டம் 641 மில்லிமீட்டராகவும் இருந்தாலும், இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. ஆழமான பள்ளங்கள் தேவைப்படும் பனி டயர்களின் விட்டம் இந்த உச்ச வரம்பையும் ஒரு சதவீதம் தாண்டலாம் என்று அதே ஒழுங்குவிதி சலுகை தருகிறது. அகலமும் வடிவமைப்பு அளவைவிட 4 சதவீதம் வரை கூடலாம்.

வட அமெரிக்காவில் டயர்களுக்குத் தனி விதிகள் உண்டு என்றாலும், அங்கும் பொறிக்கப்பட்ட அளவுக்கும் உண்மை அளவுக்கும் இடையே நெகிழ்வு இருக்கவே செய்கிறது. நடைமுறையில் பெரும்பாலான தயாரிப்புகள் இலக்கு அளவுக்கு நெருக்கமாகவே இருக்கின்றன. எனினும் நெருக்கம் என்பதும் சமம் என்பதும் ஒன்றல்ல.

ரிம்மிலும் உண்டு புதிர்

டயரின் எண்களிலேயே மிகத் துல்லியமாக இருக்க வேண்டியது ரிம்மின் விட்டம். டயரின் உள்விளிம்பில் இருக்கும் எஃகுக் கம்பி வளையம், ரிம்மின் இருக்கையில் இறுகி உட்காருவதால்தான் காற்று வெளியேறாமல் நிற்கிறது. ஆனால் இங்கும் எண் என்பது பெயர்தான். 16 என்று அழைக்கப்படும் ரிம்மின் இருக்கை விட்டம் தர நிர்ணயப்படி 405.6 மில்லிமீட்டர், அது 16 அங்குலத்தைவிடச் சற்றுக் குறைவு. 17 என்று அழைக்கப்படும் ரிம்மின் இருக்கை விட்டமோ 436.6 மில்லிமீட்டர், அது 17 அங்குலத்தைவிட ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கூடுதல்.

டயர் மாட்டாத ரிம் ஒன்றை அளவு நாடாவால் அளந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. இருக்கைக்கு வெளியே, டயர் வழுவாமல் தடுக்கும் மேலெழுந்த விளிம்பு ஒவ்வொரு பக்கமும் சுமார் 17 மில்லிமீட்டர் உயரமுடையது. எனவே 16 அங்குல ரிம் ஒன்றை அதன் வெளி ஓரத்தில் அளந்தால், நாடாவில் 17 அங்குலத்துக்கு மேல் காட்டும். இதை நம்பி 17 அங்குல டயரை வாங்கினால், அது அந்த ரிம்மில் பொருந்தாது. ரிம்மின் அளவை அதன் உலோகத்தில் பொறிக்கப்பட்ட எண்ணில் பார்க்க வேண்டுமே தவிர, நாடாவில் அல்ல.

குளிர்காலத்துக்குச் சிறிய ரிம்

மொன்றியலில் பலர் குளிர்காலத்துக்கு ஓர் அங்குலம் சிறிய ரிம்மையும், சற்றே குறுகிய டயரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறிய ரிம்முக்கான டயர் பொதுவாக விலை குறைவு. குறுகிய டயர், புதுப்பனியை அழுத்திக் கிழித்துக்கொண்டு கீழே உள்ள சாலையைத் தொட வாய்ப்பு அதிகம். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால், குளிர்கால முடிவில் நகரச் சாலைகளில் தோன்றும் குழிகளில் ரிம் அடிபடுவதும் குறைகிறது.

ரிம் சிறுத்தாலும் டயரின் வெளி விட்டம் மாறக்கூடாது என்பதே இதில் உள்ள நிபந்தனை. 205/55 ஆர் 16 டயரின் விட்டம் 632 மில்லிமீட்டர் என்றால், 195/65 ஆர் 15 டயரின் விட்டம் 634.5 மில்லிமீட்டர். வேறுபாடு அரை சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு அளவுகளிலும் சுமைக் குறியீடு 91 உள்ள டயர்கள் பரவலாகக் கிடைக்கின்றன. எண்களைப் பார்த்தால் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டும், சாலையில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் பயன்படக் கூடியவை. எனினும், பிரேக் அமைப்பு பெரிதாக உள்ள சில கார்களில் 15 அங்குல ரிம் பிரேக்கின் மீது உரசும் என்பதால், கார் தயாரிப்பாளர் அனுமதித்த அளவா என்று பார்ப்பது அவசியம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. தனது காரில் 16 அங்குல ரிம் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, 205/55 ஆர் 16 இருக்க வேண்டிய இடத்தில் மலிவாகக் கிடைத்த 215/60 ஆர் 16 டயர்களை ஒருவர் வாங்கினால், அவை ரிம்மில் சரியாகவே பொருந்திவிடும். ஆனால் அவற்றின் விட்டம் 664 மில்லிமீட்டர். 5 சதவீதம் கூடுதல். வேகமானி மணிக்கு 100 கிலோமீட்டர் என்று காட்டும்போது கார் உண்மையில் 105 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். ஓடிய தூரமும் குறைவாகப் பதிவாகும். சக்கரக் கூட்டுக்குள் பனிக்கட்டி திரண்டிருக்கும் நிலையில் ஸ்டீயரிங்கை முழுமையாகத் திருப்பினால், டயர் உரசும் அபாயமும் அதிகரிக்கிறது. விட்ட வேறுபாடு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு.

சுமையும் தேய்மானமும்

டயரை அதன் மீது சுமை இல்லாத நிலையில் அளப்பதற்கும், கார் அதன்மீது நிற்கும்போது அளப்பதற்கும் வேறுபாடு உண்டு. சாலையைத் தொடும் இடத்தில் டயர் சப்பையாகிறது. 632 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரின் சுற்றளவு, பள்ளிக்கூடக் கணக்குப்படி 1985 மில்லிமீட்டர். ஆனால் ஒரு சுற்றில் கார் அவ்வளவு தூரம் நகர்வதில்லை. ஐரோப்பியத் தர அமைப்பு, ரேடியல் டயர்களுக்கு விட்டத்தை 3.14ஆல் பெருக்குவதற்குப் பதிலாக 3.05ஆல் பெருக்குகிறது. அதன்படி ஒரு சுற்றில் நகரும் தூரம் சுமார் 1927 மில்லிமீட்டர்தான்.

குளிரும் தன் பங்குக்கு அளவை மாற்றுகிறது. வெப்பநிலை ஐந்து அல்லது ஆறு பாகை குறையும் ஒவ்வொரு முறையும், டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறைகிறது. 20 பாகை வெப்பமுள்ள கராஜில் 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், வெளியே மைனஸ் 20 பாகையில் நிற்கும்போது 26 அல்லது 27 பிஎஸ்ஐ என்ற நிலைக்கு வந்துவிடும். டயரின் நிற்கும் உயரம் குறைந்து, பக்கச்சுவர்கள் கூடுதலாக வளையத் தொடங்கும்.

தேய்மானம் ஏற்படுத்தும் மாற்றம் இவற்றைவிடப் பெரிது. தமிழகத்தில் பட்டன் என்று வழங்கும் மேற்பரப்புக் கட்டைகளுக்கு இடையிலான பள்ளம், புதிய டயரில் 8 மில்லிமீட்டர் என்றால், சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். இந்த இடைவெளிக்குள் டயரின் விட்டம் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர், அதாவது 2 சதவீதம் சுருங்குகிறது. மேலே கண்ட 15, 16 அங்குல டயர்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிட இது ஐந்து மடங்கு.

நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் கார்களில் இது முக்கியத்துவம் பெறுகிறது. பனிப் பிரதேசம் என்பதால் கியூபெக்கில் இவ்வகைக் கார்கள் பலரது விருப்பம். நான்கு டயர்களின் சுற்றளவுக்கு இடையே கால் அங்குலத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்று வலியுறுத்தும் கார் தயாரிப்பாளர்களும் உண்டு. பள்ளத்தின் ஆழத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டால் விட்டம் 2 மில்லிமீட்டர் மாறும், சுற்றளவு 6.3 மில்லிமீட்டர் மாறும். அது கால் அங்குலம்தான். ஆகவே, பழுதான ஒரு டயருக்குப் பதிலாக அதே குறியீடு உள்ள புதிய டயர் ஒன்றை மட்டும் வாங்கி, பாதி தேய்ந்த மூன்று டயர்களுடன் சேர்த்து மாட்டினால், எழுத்தளவில் எல்லாம் சரியாக இருக்கும். விசையைப் பகிர்ந்தளிக்கும் பாகங்களோ ஓயாமல் உராய்ந்து பழுதடையக்கூடும். அந்தப் பழுதைச் சீர்செய்யும் செலவு, நான்கு புதிய டயர்களின் விலையைவிடப் பல மடங்காகலாம்.

டயரின் உண்மை அளவை நம்பி இயங்கும் இன்னொரு வாகனமும் மொன்றியலில் உண்டு. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி திறக்கப்பட்ட நகரின் மெட்ரோ ரயில்கள், பாரிஸ் நகரின் தொழில்நுட்பத்தைப் பின்பற்றி, காற்றடைத்த ரப்பர் டயர்களில் ஓடுகின்றன. ஒவ்வொரு டயருக்கும் அருகில் எஃகுச் சக்கரம் ஒன்றும் இருக்கிறது. டயரின் விட்டம் சரியாக இருக்கும்வரை எஃகுச் சக்கரம் சுமையைத் தாங்குவதில்லை. டயர் காற்றிழந்து தாழ்ந்தால், எஃகுச் சக்கரம் தண்டவாளத்தில் இறங்கி ரயிலைத் தாங்கிக்கொள்ளும். காருக்கு இத்தகைய இரண்டாவது பாதுகாப்பு இல்லை.

ஒரே பெயர், இரண்டு அளவு

பெயரும் அளவும் பிரிந்து நிற்பதற்கு மிகத் தெளிவான உதாரணம் சைக்கிள் டயர்களில் கிடைக்கிறது. தமிழகத்திலும் இலங்கையின் வடக்கு கிழக்கிலும் தலைமுறை தலைமுறையாக ஓடிய கறுப்பு நிற 28 அங்குல சைக்கிளின் டயரில் 28×1½ என்று எழுதியிருக்கும். அதன் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். கனடாவிலோ 28×1½ எப் 13 என்று குறிக்கப்பட்ட பழைய சைக்கிள் டயரின் விட்டம் 622 மில்லிமீட்டர். எப் 13 என்ற சிறு குறிப்பைக் கவனிக்காவிட்டால் இரண்டும் ஒன்றே என்று தோன்றும். ஆனால் 13 மில்லிமீட்டர் வேறுபாடு காரணமாகக் கனடா டயர் நம் ஊர் ரிம்மில் ஏறாது. நம் ஊர் டயர் கனடா ரிம்மில் தளர்ந்து, காற்று நிரப்பும்போது கழன்றுவிடும்.

26 அங்குல சைக்கிள் டயர்களில் நிலைமை மேலும் சிக்கலானது. 26×1.75 என்பதும் 26×1¾ என்பதும் கணக்கில் சமம். ஆனால் தசமத்தில் எழுதப்பட்ட டயருக்கு 559 மில்லிமீட்டர் ரிம்மும், பின்னத்தில் எழுதப்பட்ட டயருக்கு 571 மில்லிமீட்டர் ரிம்மும் தேவை. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டவே, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ, 5775 என்ற தரத்தின் கீழ், டயரின் அகலத்தையும் ரிம் இருக்கையின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் மட்டும் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நம் ஊர் 28 அங்குல டயர் இந்த முறையில் 40-635 என்றும், கனடா டயர் 622 என்று முடியும் எண்ணாலும் குறிக்கப்படும். பழைய பெயர் எதுவாக இருந்தாலும், கடைசி மூன்று இலக்கங்கள் ஒன்றாக இருந்தால் மட்டுமே டயர் ரிம்மில் உட்காரும்.

சைக்கிளில் இந்தத் தவறு டியூப் வெடிப்பதோடு முடிந்துவிடலாம். லாரி வகை வாகனங்களில் அது உயிரைப் பறித்திருக்கிறது. வட அமெரிக்காவில் சிறு லாரிகள் பலவற்றில் ஒரு காலத்தில் பதினாறரை அங்குல ரிம்கள் பரவலாக இருந்தன. அவற்றில் 16 அங்குல டயரைத் தவறுதலாக மாட்டியவர்கள், டயர் விளிம்பு இருக்கையில் ஏறாததைக் கண்டு, மேலும் மேலும் காற்றை நிரப்பியிருக்கிறார்கள். எஃகுக் கம்பி வளையம் அறுந்து டயர் வெடித்ததில், அருகில் நின்று காற்று நிரப்பியவர்கள் உயிரிழந்த, படுகாயமடைந்த சம்பவங்கள் அமெரிக்காவில் நிகழ்ந்திருக்கின்றன. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர் மட்டுமே. அகலத்தில் அவ்வளவு வேறுபாடு இருந்தால் பெரும்பாலும் எதுவும் நேராது. ரிம்மின் விட்டத்தில் அந்த வேறுபாட்டுக்கு மன்னிப்பு இல்லை.

எதைப் பார்க்க வேண்டும்?

இவற்றிலிருந்து தெரியவருவது, டயரின் எல்லா எண்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதே. ரிம் விட்டம் மாறாமல் பொருந்த வேண்டும். சுமைக் குறியீடு, கார் தயாரிப்பாளர் குறித்ததைவிடக் குறையக்கூடாது. அகலமும் உயரச் சதவீதமும், வெளி விட்டம் மாறாத வகையில், தயாரிப்பாளர் அனுமதித்த வரம்புக்குள் மாறலாம்.

சரியான அளவு எது என்பதை, காரில் தற்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து முடிவு செய்வது பாதுகாப்பானதல்ல. பழைய கார் ஒன்றை வாங்கியவருக்கு, முந்தைய உரிமையாளர் எந்த அளவு டயரை மாட்டியிருந்தார் என்பது தெரியாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் அட்டையில், அந்தக் காருக்கு உரிய டயர் அளவும் காற்றழுத்தமும் குறிக்கப்பட்டிருக்கும். மாற்று அளவுகள் உண்டா என்பதை உரிமையாளர் கையேட்டில் காணலாம். காற்றழுத்தத்தைக் காரை ஓட்டுவதற்கு முன்னர், வெளியே நிலவும் குளிரிலேயே சரிபார்ப்பது பொருத்தமானது.

புதிதாகக் குடியேறியவர்களில் பலர், செலவைக் குறைக்கும் நோக்கில், ஒரு முறை பயன்படுத்திய குளிர்கால டயர்களை வாங்குகிறார்கள். அவ்வாறு வாங்கும்போது அளவுக் குறியீட்டோடு வேறு மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவது, மலையும் பனித்துகளும் கொண்ட சின்னம். இரண்டாவது, டிஓடி என்று தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்கள். 3621 என்றிருந்தால் அது 2021ஆம் ஆண்டின் 36ஆவது வாரத்தில் தயாரான டயர். மூன்றாவது, நான்கு டயர்களின் பள்ளங்களும் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்பது. 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டபூர்வக் குறைந்தபட்சம் என்றாலும், குளிர்காலத்தைத் தொடங்கும்போது 4.8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பதே அங்கு வழங்கப்படும் பரிந்துரை.

கியூபெக்கின் டயர் கடைகளில் வழங்கும் மொழி பெரும்பாலும் பிரெஞ்சு. அந்த மொழி பழகாதவர்களுக்கு, உலகெங்கும் ஒரே மாதிரியாகப் பொறிக்கப்படும் இந்த எண்களே பொது மொழியாக உதவுகின்றன. அவற்றில் எந்த எண் விட்டுக்கொடுக்கும், எந்த எண் விட்டுக்கொடுக்காது என்பதை அறிந்திருப்பவர், விலை குறைந்த டயரையும் துணிந்து வாங்கலாம். பொருந்தாத டயரை மலிவு என்பதற்காக வாங்காமலும் இருக்கலாம்.